புறா வரைந்தது போதும்

பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் விட்டுவிட்டுக் கமெண்ட் போடுபவர்களுக்கு நாங்கள் பதில் எழுதப் போவதில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இரண்டு கிழமையாக ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு கதை சுற்றுகிறது. பிள்ளைகளுக்குப் பாட்டுப் போட்டுக் காட்டி, ஸ்கேனர் மெசினில் குப்பையை வைத்துப் படம் எடுக்கிறார்களாம், இதுவா படிப்பு என்று. வொய்ஸ் நோட் அனுப்பியவர்கள் யாரும் பள்ளிக்கூடப் பக்கம் வந்து எட்டிப் பார்க்கவில்லை. பரவாயில்லை. நாங்கள் செய்வது என்ன என்பதை நாங்களே சொல்கிறோம். சொன்ன பிறகு திட்டுங்கள்.

சனிக்கிழமைகளில், மேலதிக வகுப்பு முடிந்த பின், விரும்பிய பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். ஒரு பாட்டையோ ஓர் ஓசையையோ இரண்டு முறை கேட்பார்கள். முதல் முறை கண்ணை மூடிக்கொண்டு. இரண்டாம் முறை, தாங்கள் கொண்டு வந்த பொருளை ஸ்கேனர் கண்ணாடியில் வைத்து, வெளிச்சம் ஓடும்போது அதைக் கையால் அசைப்பார்கள். பொருள் என்றால் பனையோலைத் துண்டு, நெல் உமி, பாலைப்பழ விதை, கிழிந்த மீன்வலை, பழைய சாரியின் குஞ்சம். இதைத்தான் குப்பை என்கிறார்கள். வன்னியில் இருந்துகொண்டு பனையோலையைக் குப்பை என்பவருக்கு நாங்கள் என்ன பதில் சொல்ல?

இனி, எங்கள் பக்கத்துக் கேள்வி ஒன்று. 2009-க்குப் பிறகு இந்த மாவட்டங்களில் நடந்த சித்திரப் போட்டிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சமாதானம், நல்லிணக்கம், சிறுவர் உரிமை, சுற்றாடல் தினம். பெனர் மாறும், அனுசரணையாளர் மாறுவார், படம் மாறாது. நடுவில் உலக உருண்டை. மேலே ஒலிவ் இலையைக் கவ்விய வெள்ளைப் புறா. கீழே குலுக்கும் இரண்டு கைகள். அதற்கும் கீழே தொப்பி போட்ட பிள்ளை, பொட்டு வைத்த பிள்ளை, சிலுவை மாலை போட்ட பிள்ளை, எல்லோரும் ஒரே அளவுச் சிரிப்போடு. ஒலிவ் மரத்தை எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்டிருக்கிறார்கள்? ஸைத்தூன் எண்ணெய்ப் போத்தலில் கண்டிருப்பார்கள்.

அந்தப் படத்தைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. அதை வரைகிற பிள்ளைக்கு எங்கே கோடு போட வேண்டும் என்று நன்றாகத் தெரியும். தனக்கு என்ன தோன்றுகிறது என்று மட்டும் யாரும் அதனிடம் கேட்டதில்லை. பரிசு கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், முகநூலில் போட்டோம், பெனரைச் சுருட்டினோம். அடுத்த வருடம் அதன் தம்பி அதே புறாவை வரைகிறான். நாங்கள் எதிர்க்கிறது இதைத்தான். பிள்ளையின் மனசுக்குப் பதிலாகப் பெரியவர்களின் சுவரொட்டியைப் பிள்ளையின் கையால் எழுதி வாங்குவது சித்திரக் கல்வி ஆகாது.

சரி, அதற்கு ஸ்கேனர் ஏன்?

முதல் காரணம், "எனக்குக் கீறத் தெரியாது சேர்" என்று பின்வாங்கில் ஒதுங்குகிற பிள்ளை. எங்கள் முஸ்லிம் பாடசாலைகளில் அழகியல் என்றால் பெரும்பாலும் சித்திரம்தான், வேறு தெரிவு அரிது. கீறத் தெரியாத பிள்ளையும் அங்கேதான் வந்து உட்கார வேண்டும். ஆறாம் தரத்திலிருந்து சாதாரண தரம் வரை, "உனக்கு வராது" என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டு ஐந்தாறு வருடம் கழிக்கிற பிள்ளைகளை நாங்கள் நாளாந்தம் பார்க்கிறோம். ஸ்கேனர் கண்ணாடிக்கு யார் கீறுவார், யார் கீறமாட்டார் என்ற பேதம் இல்லை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுட்பமானது, பொறுமையாக வாசியுங்கள். கமரா ஒரு கணத்தைப் பிடிக்கும். ஸ்கேனர் அப்படி இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு ஊர்ந்து போகிறது, ஒவ்வொரு வரியாக வாசிக்கிறது. ஏ4 தாள் 297 மில்லிமீற்றர் நீளம். 300 டிபிஐ என்று வைத்தால் அந்த நீளத்தில் ஏறத்தாழ 3508 வரிகள். 600 வைத்தால் 7016, நேரமும் கூடும். அதாவது படத்தின் மேல்விளிம்பு ஒரு நேரம், கீழ்விளிம்பு இன்னொரு நேரம். பாட்டும் அப்படித்தானே? ஒரு பாட்டை ஒரே கணத்தில் கேட்க முடியாது, தொடக்கத்திலிருந்து முடிவுக்குப் போக வேண்டும். பாட்டும் ஸ்கேனும் சேர்ந்து ஓடும்போது, தாளில் மேலிருந்து கீழாகப் பாட்டின் நேரம் படிந்து விடுகிறது. இதை நாங்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் எட்டாம் தரப் பிள்ளைக்கு இது விளங்குகிறது, வொய்ஸ் நோட் அனுப்பிய பெரியவர்களுக்கும் விளங்கும் என்று நம்புகிறோம்.

வெளிச்சம் போகிற திசையிலேயே பொருளை இழுத்தால் அது நீண்டு போகும். எதிர்த்திசையில் இழுத்தால் குறுகும். பக்கவாட்டில் ஆட்டினால் அலை அலையாக வரும். தாளத்துக்கு ஆட்டினால் அந்தத் தாளம் தாளில் தெரியும். இப்போது வருகிற மெல்லிய ஸ்கேனர்களில் பெரும்பாலும் சிவப்பு, பச்சை, நீல விளக்குகள் மாறி மாறி மின்னும், ஆகவே கையை வேகமாக அசைத்தால் ஓரத்தில் அந்த நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அந்த மெசின்கள் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதை மட்டும் தெளிவாகப் பார்க்கும், ஒரு சென்ரிமீற்றர் தூக்கினாலே மங்கிவிடும். பழைய பாரமான ஸ்கேனர்கள் கொஞ்சம் ஆழம் வரை பார்க்கும். ஒரு பிள்ளை இதை வைத்தே, பாட்டில் குரல் தாழ்கிற இடத்தில் பனையோலையைக் கண்ணாடியிலிருந்து மெல்லத் தூக்கியது. ஓலை சாம்பல் நிறமாகக் கரைந்து போயிற்று. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புறா வரைய வராது.

"மெசின் செய்கிறதெல்லாம் சித்திரமா?" என்று கேட்கிற சித்திர ஆசிரியர்களும் நண்பர்களும் உண்டு. உங்களோடு சண்டை இல்லை, ஆனால் இந்தக் கேள்வியை உலகம் கேட்டுக் கடந்து பல காலம் ஆகிறது. ஸ்கேனரின் மூத்த சகோதரன் போட்டோக்கொப்பி மெசின். இத்தாலியின் புருனோ முனாரி 1960களிலேயே, கொப்பி விழும் நேரத்தில் மூலத்தாளை இழுத்து அசைத்துப் படங்கள் செய்தார். சிக்காகோவின் கலைக் கல்லூரியில் சோனியா ஷெரிடன் 1970-இல் இப்படியான மெசின்களை வைத்தே ஒரு கற்கைநெறி தொடங்கினார். பாற்றி ஹில் என்ற எழுத்தாளர் வீட்டுச் சாமான்களைக் கொப்பி மெசினில் வைத்து எடுத்தார், 1978-இல் இறந்துபோன ஓர் அன்னப் பறவையைப் பகுதி பகுதியாகக் கொப்பி எடுத்து வெளியிட்டு, அதற்கு ஒன்பது அத்தியாய ஒபெரா என்று பெயர் வைத்தார். கவனியுங்கள், ஒபெரா. டேவிட் ஹொக்னி 1986-இல் அலுவலகக் கொப்பி மெசினில் அச்சுப் படங்கள் செய்தார். நாங்கள் வன்னியில் நாற்பது வருடம் பிந்தித் தொடங்கியிருக்கிறோம், அதற்கே இந்தச் சத்தம்.

இசையிலிருந்து படம் என்பதும் புதிதல்ல. 1911 ஜனவரி 2-ஆம் திகதி மியூனிக் நகரில் ஷோன்பெர்க்கின் இசைக் கச்சேரி ஒன்றை வசீலி காண்டின்ஸ்கி கேட்டார். அந்தக் கையோடு ஓர் ஓவியம் வரைந்தார். பெரும் மஞ்சள் வெள்ளம், அதற்குள் பியானோவின் கறுப்பு. அந்த இசைதான் மஞ்சளாக நிற்கிறது. அதற்கும் முன்னர், 1787-இல், கிளாட்னி என்ற ஜேர்மன் அறிஞர் உலோகத் தகட்டில் மணல் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுத்து, ஓசைக்கேற்ப மணல் கோலம் போடுவதை எழுதி வெளியிட்டார். எங்கள் விஞ்ஞான ஆசிரியர் இதைச் செய்து காட்டத் தகடு தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்த மண்ணில் ஸ்கேனரும் கொப்பி மெசினும் எதற்கு இருக்கின்றன?

நிரூபிப்பதற்கு. வேறு எதற்கும் இல்லை. கொம்யூனிகேஷன் கடைக்குப் போய்ப் பாருங்கள், வரிசையில் நிற்பவர்களின் கையில் என்ன இருக்கிறது என்று. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி அனுமதிப்பத்திரம், கிராம அலுவலர் கடிதம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட 70,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம்களில் எங்கள் வாப்பாமாரும் உம்மாமாரும் இருந்தார்கள். புத்தளத்து முகாம்களில் பிறந்தவர்கள் இன்று இங்கே பிள்ளைகளின் வாப்பாமார். இவ்வளவு காலமும் நாங்கள் கொப்பி எடுத்துக்கொண்டே இருக்கிறோம், நாங்கள் இந்த ஊரவர்தான் என்று காட்டுவதற்காக. ஒரு அலுவலகத்தில் கொடுத்த கொப்பி அடுத்த அலுவலகத்தில் செல்லாது. பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்தின் ஆவணங்கள் முள்ளிவாய்க்காலில் போயின. அவர்களும் கொப்பி எடுக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரின் கையிலுள்ள பிள்ளைகளின் படங்கள், எங்கோ ஒரு கடையில் பழைய அல்பத்திலிருந்து ஸ்கேன் பண்ணிப் பெருப்பித்தவைதான்.

ஆக, இந்தக் கண்ணாடியில் எங்கள் சனங்கள் வைத்ததெல்லாம் சாட்சிப் பத்திரம். விண்ணப்பப் படிவத்தில் பெயருக்குக் கட்டம் உண்டு, இடம்பெயர்ந்த திகதிக்குக் கட்டம் உண்டு, இழந்த கூரைத்தகட்டின் எண்ணிக்கைக்குக்கூடக் கட்டம் உண்டு. மனசுக்குக் கட்டம் இல்லை. அந்த மெசினின் முன்னால் ஒரு பிள்ளை ஒருமுறையாவது எதையும் நிரூபிக்காமல் நிற்கட்டும் என்பதுதான் எங்கள் வாதம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011-இல் ஒரு நூல் வெளியிட்டார். இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் விட்டு வந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுக்க, அவற்றோடு தன் சித்திரங்களையும் சேர்த்து அலுவலகக் கோப்புப் போலவே கட்டினார். தலைப்பில் தோம்பு என்ற சொல். ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர். கோப்பு என்ற அதே வடிவத்துக்குள் கிணற்றடியும் குசினியும் மாமரமும் வந்து உட்கார்ந்தன. காரியாலயத்தின் சாமானைக் கலைக்கு எடுக்கலாமா என்று கேட்பவர்கள் அதை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

அடுத்து மார்க்க விஷயம். இதைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்று எங்களில் சிலர் சொன்னார்கள். தவிர்க்க மாட்டோம், ஏனென்றால் கதை கட்டியவர்கள் அந்த இடத்தைப் பிடித்துத்தான் கட்டினார்கள்.

நாங்கள் பத்வா கொடுக்க வரவில்லை. இசை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதும், கடுமையாக விலக்கியவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அந்தக் கருத்தில் உறுதியாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளையின் காதில் நாங்கள் ஹெட்போனை மாட்டவில்லை. அந்தப் பிள்ளைகள் வேறு ஓசை கொண்டு வருகிறார்கள். தகரக் கூரையில் மழை. லேண்ட்மாஸ்டர் ஸ்டார்ட் எடுக்கிற சத்தம். முல்லைத்தீவுக் கடல். ஆனால் கருத்து வேறுபாடே இல்லாதது போல, எல்லாம் முடிந்துபோன விஷயம் போலப் பேசுபவர்களிடம் கேட்கிறோம். ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் இமாம் கஸ்ஸாலி எழுதிய இஹ்யாவின் நாற்பது நூல்களில் ஒன்று முழுவதும், செவியேற்பது பற்றியும் அது உள்ளத்தில் எழுப்புகிற நிலை பற்றியும்தான் பேசுகிறது. எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று பிரித்துப் பிரித்துப் பேசுகிறார். பெருநாள் தினத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் வீட்டில் இரு சிறுமியர் பாடியதும், அபூபக்கர் (ரழி) அவர்கள் கண்டித்ததும், நபி (ஸல்) அவர்கள் விட்டுவிடச் சொன்னதும் புகாரியில் இருக்கிற செய்தி. இதிலிருந்து சட்டம் எடுப்பது மௌலவிமாரின் வேலை. பிரித்துப் பேசாமல் பிள்ளைகளை அச்சுறுத்துவது யாருடைய வேலையும் இல்லை.

அதோடு, உருவப்படம் கூடாது என்று கவலைப்படுகிறவர்கள் இந்தப் படங்களைப் பார்த்தால் சந்தோஷப்பட வேண்டும். ஒரு முகம் கிடையாது, ஒரு மிருகம் கிடையாது. கோடும் நிறமும் மட்டும். புறாப் போட்டியில்தான் உயிருள்ள உருவம் வரைய வேண்டும். அதற்கு எந்தக் குழுமத்திலும் வொய்ஸ் நோட் வந்ததாக நினைவில்லை.

நம் கல்யாண வீட்டு றபானையும், மௌலித் மஜ்லிஸில் ஓதுகிற பைத்தையும், நோன்புகாலத்தில் வீட்டுக்கு வீடு கேட்ட நாகூர் ஹனிபாவின் குரலையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 2015-இல் அவர் மௌத்தானபோது இதே குழுமங்களில் எத்தனை பேர் அழுதீர்கள்? அந்த அழுகையைத்தான் பிள்ளை தாளில் தேடுகிறது.

தமிழ்ப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளை கோவலன் கூத்தின் உடுக்குச் சத்தத்துக்கு மீன்வலையை இழுத்தது. எங்கள் பிள்ளை ஒன்று அதே சத்தத்துக்கு உமியைத் தூவியது. இரண்டு படமும் ஒன்றையொன்று பார்த்தது போலவே இல்லை. ஒரே ஓசை இருவருக்கும் ஒரே மாதிரி கேட்கவில்லை என்பதை இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1990-இல் வெளியேற்ற அறிவிப்பு ஒலிபெருக்கியில் வந்தது. அதனால் ஒலிபெருக்கி கட்டும் சத்தத்துக்கே திடுக்கிடுகிற மூத்தம்மாமார் எங்கள் வீடுகளில் உண்டு. அதே ஒலிபெருக்கியில் கோயில் திருவிழா நாதஸ்வரத்தைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது வேறு. இதைப் பெரியவர்கள் நாங்கள் ஒருவருக்கொருவர் நேராகச் சொன்னதே இல்லை. நல்லிணக்கக் கூட்டத்தில் சாப்பாட்டுப் பார்சல் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாம் தரப் பையன். மூத்தம்மாவின் பழைய கசட்டிலிருந்து போனுக்கு மாற்றிய பாட்டைக் கொண்டு வந்தான். பொருள் எதுவும் கொண்டு வரவில்லை. ஜன்னல்களைச் சாத்தச் சொன்னான், ஸ்கேனர் மூடியைத் திறந்து வைத்தான், பாட்டைப் போட்டான், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வந்தது கறுப்புத் தாள். ஓரத்தில் மட்டும் எங்கேயோ ஜன்னல் இடுக்கால் வந்த வெளிச்சம், மயிரிழை போல. ஏன் என்று கேட்டோம். "அந்தப் பாட்டுப் போட்டா வீட்டில எல்லாரும் பேசாம இருப்பாங்க சேர். அதான்" என்றான்.

போட்டிக்கு அனுப்பினால் இதற்குப் புள்ளி பூச்சியம். நடுவர் தாள் மாறிவிட்டது என்று திருப்பியும் அனுப்பலாம். எங்களுக்கோ, இத்தனை வருடத்தில் பிள்ளைகளின் கையிலிருந்து வாங்கிய தாள்களில் இதைவிட உண்மையான ஒன்று நினைவுக்கு வரவில்லை. அந்தப் பையனின் வாப்பா அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். என்ன நினைத்தார் என்று நாங்கள் கேட்கவில்லை.

"இதற்கு மார்க்ஸ் கிடைக்குமா?" என்று ஒரு கேள்வி, எப்போதும் போல. கிடைக்காது. சாதாரண தரப் பரீட்சையில் ஸ்கேனர் கேட்கப்படுவதில்லை. ஆனால் பாடவேளையில் நாங்கள் கை வைக்கவில்லை, பாடத்திட்டம் பாடத்திட்டப்படியே போகிறது. சனிக்கிழமை பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தைப் பிள்ளை போனில் கேம் அடித்துக் கழித்தால் யாரும் மார்க்ஸ் கேட்பதில்லை.

மெசின் பழுதாகும் என்பது நியாயமான கவலை. அதற்காகத்தான் அலுவலக மெசினை நாங்கள் தொடுவதில்லை. ஆசிரியர் ஒருவரின் வீட்டில் சும்மா கிடந்ததைக் கொண்டு வந்திருக்கிறோம். மணலும் உமியும் கண்ணாடியைக் கீறும், ஆகவே தெளிவான பிளாஸ்ரிக் ஷீட் ஒன்றை மேலே விரித்த பிறகுதான் பொருள் வைக்கிறோம். ஈரமான எதற்கும் அனுமதி இல்லை. வெளிச்சத்தைக் கண்ணால் உற்றுப் பார்க்க விடுவதில்லை. செலவு என்று பார்த்தால், நீர்வர்ணப் பெட்டியும் தூரிகையும் இன்று விற்கிற விலைக்கு, கரண்ட் மட்டும் குடிக்கிற இந்த மெசின் மலிவு. எல்லாப் படத்தையும் அச்சடிப்பதில்லை, கணினியில் பார்த்துவிட்டு ஒன்றிரண்டைத்தான் அடிக்கிறோம்.

வரும் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு வகுப்பறைக் கதவு திறந்திருக்கும். வொய்ஸ் நோட் அனுப்பியவர்களும் வரலாம். வருகிறபோது உங்களுக்குப் பிடித்த ஓர் ஓசையைப் போனில் கொண்டு வாருங்கள், கண்ணாடியில் வைக்க ஏதாவது ஒன்றையும்.

இன்னொன்று. வீடுகளிலும் கடைகளிலும் மை காய்ந்துபோய் மூலையில் கிடக்கிற மூன்று வேலை செய்யும் பிரிண்டர்கள் நிறைய உண்டு. அச்சடிக்காவிட்டாலும் பலவற்றில் ஸ்கேனர் பகுதி வேலை செய்யும். (மை இல்லை என்று அடம்பிடித்து ஸ்கேனையும் மறுக்கிற மொடல்களும் இருக்கின்றன, அவற்றை எங்கள் ஐசிரி ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.) பழைய இரும்புக்கு எடைபோட முன் எங்களிடம் தாருங்கள். பாரமான பழைய ஸ்கேனர் இருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். பவர் கேபிளையும் தேடி எடுத்து வையுங்கள், நாங்களே வந்து ஏற்றிக்கொள்கிறோம்.